உள்ளே இருப்பவர்கள் இரண்டு வகை

தமிழ்நாட்டில் ஜெயிலை ‘மாமியார் வீடு’ என்பார்கள், ‘கம்பி எண்ணுகிறான்’ என்பார்கள். சிங்கப்பூரில் அவ்வளவு அலங்காரம் தேவையில்லை. “அவன் உள்ளே இருக்கான்” என்றால் போதும், எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரருக்குச் சாங்கி என்றால் விமான நிலையம். இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரில் இன்னொரு வாசலும் உண்டு.

அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் பஸ்ஸில் போகும்போது அந்த வாசலைப் பார்க்கலாம். 1936-ல் ஆங்கிலேயர் கட்டிய சிறையில் மிஞ்சியிருப்பது ஒரு நீளச் சுவர், அதன் இரண்டு மூலைகளிலும் காவல் கோபுரம், நடுவில் பழைய கதவு. மற்றதை இடித்துவிட்டுப் பின்னால் புதிய வளாகம் கட்டிவிட்டார்கள். சுவரை 2016-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். பயணிகளுக்கு அது போர்க்கால நினைவு. எனக்கு அது வேறொன்றை நினைவூட்டும். 600 பேருக்கென்று வெள்ளைக்காரன் கட்டிய அந்தச் சிறைக்குள் 1942-ல் ஜப்பானியர் ஏறத்தாழ 3,000 ஐரோப்பியக் குடிமக்களை அடைத்தார்கள். கட்டிய அரசாங்கத்தின் அதிகாரிகளே உள்ளே போனார்கள். 1945-ல் சாவி மறுபடி கைமாறியது. போர்க்குற்றம் சாட்டப்பட்ட ஜப்பானியர் அதே அறைகளுக்குப் போனார்கள். பத்தாண்டுக்குள் ஆள் மாறி மாறி வந்தாலும் சுவர் அப்படியே நின்றது.

அந்த இடத்தில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் ஆளைப் பொறுத்ததா, இடத்தைப் பொறுத்ததா? உளவியல் ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். கைதியின் மனத்தைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் உண்டு. அவனைப் பூட்டிவிட்டுச் சாவியோடு நடக்கிறவரின் மனத்தைப் பற்றி எழுதியது குறைவு. அவரும் வேலை நேரம் முழுக்க உள்ளேதான் இருக்கிறார்.

இந்தத் துறையின் மிகப் பிரபலமான ஆய்வு ஒரு கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் நடந்தது. 1971 ஆகஸ்ட். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் சிம்பார்டோ என்ற உளவியலாளர், நாளுக்கு 15 டாலர் தருவதாகச் சொல்லி 24 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். சிலர் காவலர், சிலர் கைதி. காவலருக்குக் காக்கி உடையும் கண்ணாடி போல் மின்னும் கறுப்புக் கண்ணாடியும், கைதிக்குப் பெயருக்குப் பதில் எண். இரண்டு வாரம் நடக்க வேண்டியதை ஆறே நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குள் காவலர்கள் கைதிகளை நடுராத்திரியில் எழுப்பி எண்ணினார்கள், தண்டால் எடுக்க வைத்தார்கள், அவமானப்படுத்தினார்கள். ஐந்தாம் நாள் இரவு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற இளம் உளவியலாளர் அங்கே வந்தார். தலையில் காகிதப் பை மாட்டி, காலில் சங்கிலி கட்டி, வரிசையாகக் கழிப்பறைக்கு நடத்திச் செல்லப்படும் பையன்களைப் பார்த்துச் சண்டை போட்டார். மறுநாள் ஆய்வு முடிந்தது.

‘நல்லவனுக்குச் சீருடை போட்டால் போதும், கெட்டவனாகிவிடுவான்’ என்ற முடிவு பாடப்புத்தகங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. நானும் அதை நம்பி மேடையில் பேசியிருக்கிறேன்.

பிறகு பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். திபோ லெ டெக்சியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டான்ஃபோர்டின் ஆவணங்களையும் ஒலிநாடாக்களையும் அலசி 2019-ல் எழுதிய கட்டுரை அந்த ஆய்வின் அஸ்திவாரத்தையே ஆட்டியது. காவலர்கள் தாமாகக் கொடூரர்கள் ஆகவில்லை, எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மெத்தனமாக இருந்த ஒரு காவலரை, சிறைக் கண்காணிப்பாளராக நடித்த மாணவர் ‘இன்னும் கறாராக இரு’ என்று வற்புறுத்தும் உரையாடல் நாடாவில் இருக்கிறது. கொடுமைக்குப் பெயர் வாங்கிய காவலர், ஒரு சினிமா பாத்திரத்தைப் போல நடித்ததாகப் பின்னாளில் சொன்னார். கதறி அழுது வெளியேறிய ‘கைதி’யோ, பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது, அதனால் நடித்தேன் என்றார்.

இங்கிலாந்தில் அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரைக்கரும் 2001 டிசம்பரில், பிபிசி தொலைக்காட்சிக்காக, இதே மாதிரி ஒரு போலிச் சிறையை அமைத்தார்கள். இந்த முறை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. காவலர்களுக்கு அதிகாரம் செலுத்தவே கூச்சம், ஒற்றுமையும் இல்லை. சில நாளில் கைதிகள் ஒன்றுசேர்ந்து அவர்களைத் தள்ளிவிட்டார்கள். சீருடை தானாக எதையும் செய்வதில்லை. ‘உன் வேலை இதுதான், இப்படி நடப்பதுதான் சரி’ என்று மேலே இருப்பவர் சொல்வதும், அதைக் கேட்பவர் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதும்தான் காரியத்தைச் செய்கின்றன.

(பசித்த நீதிபதி கதையும் இப்படித்தான். இஸ்ரேலின் பரோல் விசாரணைகளைப் பற்றி 2011-ல் வந்த ஆய்வு, இடைவேளை முடிந்து வந்த நீதிபதிகள் 65 விழுக்காடு மனுக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள் என்றும், அடுத்த இடைவேளை நெருங்கும்போது அது கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிட்டது என்றும் சொன்னது. வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் ஒவ்வோர் அமர்விலும் கடைசியில்தான் வந்தன என்று அதே ஆண்டிலேயே வேறு இருவர் காட்டினார்கள். சிறை, நீதிமன்றம் பற்றிய ஆய்வுகளில் கேட்டவுடன் வாயைப் பிளக்க வைப்பதைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்ப்பது நல்லது.)

நம் ஊரில் இதற்கெல்லாம் பல காலம் முன்பே உண்மையான சோதனைகள் நடந்திருக்கின்றன, யாரும் அவற்றை உளவியல் என்று அழைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

1824 ஒப்பந்தப்படி பெங்கூலனை டச்சுக்காரரிடம் விட்டுக்கொடுத்த ஆங்கிலேயர், அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளை 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்ட 80 பேர். சில நாள் கழித்து வங்காளத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்த அரை நூற்றாண்டில் சாலை போட்டவர்களும், சதுப்பை நிரப்பியவர்களும், இன்றைய இஸ்தானாவைக் கட்டியவர்களும் இவர்களே. சிராங்கூன் சாலைப் பக்கம் இவர்கள் சூளை போட்டுச் சுட்ட செங்கல்லுக்கு 1867 ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரைப் பூச, கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார்கள். தமிழ்நாட்டுக் கொத்தனாருக்குத் தெரிந்த வித்தை அது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ‘மதராஸ் சுண்ணம்’.

அவர்களுக்குக் காவல் யார்? அவர்களேதான். கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். புதிதாக வந்தவன் காலில் விலங்கோடு நான்காம் வகுப்பில் தொடங்குவான். ஒழுங்காக இருந்தால் விலங்கு கழன்று மூன்றாம் வகுப்பு, பிறகு இரண்டாம் வகுப்பில் மற்றக் கைதிகளை மேற்பார்க்கும் வார்டர் வேலை, கடைசியில் முதல் வகுப்பில் வெளியே தங்கித் தொழில் செய்ய அனுமதிச் சீட்டு. தப்புச் செய்தால் ஐந்தாம் வகுப்புக்கு இறங்கிக் கனத்த விலங்கு. மூப்பும் நோயும் வந்தவர்களுக்கு ஆறாம் வகுப்பு. இந்தக் கைதிச் சிறையின் தலைவராக இருந்த மெக்நேர் 1899-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே ‘கைதிகளே தங்கள் காவலர்’ என்று பொருள்படும். முதலாளி எழுதிய வரலாறு என்பதை மறந்துவிடக் கூடாது, அடி வாங்கியவன் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் ஏணி ஏணிதான். எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உள்ளே இருந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது. 1873-ல் அந்தச் சிறை மூடப்பட்டது.

இரண்டாவது சோதனை ரத்தத்தில் முடிந்தது. 1960-ல், தேவன் நாயர் தலைமையிலான சிறை விசாரணைக் குழுவின் யோசனைகளோடு சேர்ந்து உருவானது புலாவ் செனாங் குடியிருப்பு. தெற்கே ஒரு சிறு தீவு. ரகசியக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் என்று விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர்களைச் சாங்கியிலிருந்து அங்கே கொண்டுபோனார்கள். மே மாதத்தில் முதல் 50 பேர் இறங்கினார்கள். பொறுப்பாளர் டேனியல் டட்டன். உழைப்பு மனிதனைத் திருத்தும் என்பதில் அவருக்குப் பக்தி போன்ற நம்பிக்கை. மதில் கிடையாது, காவலர் கையில் துப்பாக்கி கிடையாது. காடாகக் கிடந்த தீவில் சாலை, குடிநீர், தொழிற்பட்டறை எல்லாம் வந்தன. பார்க்க வந்தவர்கள் அசந்து போனார்கள்.

1963 ஜூலையில், படகுத்துறையில் வேலை செய்ய மறுத்த 13 தச்சர்களைச் சாங்கிக்குத் திருப்பி அனுப்பினார் டட்டன். ஜூலை 12-ம் தேதி மத்தியானம் மண்வெட்டி, கோடாரி, பாராங் கத்தியோடு கைதிகள் கிளம்பினார்கள். டட்டனும் மூன்று அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள், மூவரில் ஒருவர் ஆறுமுகம் வீரசிங்கம். கட்டியெழுப்பியதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் எரிந்தது. 59 பேர் மீது வழக்கு நடந்தது, 1965 அக்டோபரில் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

டட்டன் ரொம்ப இளகிவிட்டார் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரணை இல்லாமல் வந்தவனுக்கு விடுதலைத் தேதியும் கிடையாது. எப்போது வெளியே போவோம் என்பது ஒரே ஒரு மனிதரின் மதிப்பீட்டில் தொங்கியது. 13 பேரை அனுப்பிய அன்று, பல மாத உழைப்பும் ஒரு வார்த்தையில் அழிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. பழைய கைதிகளுக்கு விலங்கு இருந்தது, கூடவே ஏணியும் இருந்தது. செனாங்கில் விலங்கும் இல்லை, ஏணியும் இல்லை. சிகாகோவில் 1,500-க்கும் அதிகமானோரைக் கேட்டு டாம் டைலர் 1990-ல் எழுதிய புத்தகம் இதைத்தான் வேறு வழியில் காட்டியது: தண்டனைக்குப் பயந்து மக்கள் சட்டத்தை மதிப்பது குறைவு. தங்களை நியாயமாக நடத்தினார்கள், தங்கள் பேச்சைக் கேட்டார்கள் என்ற எண்ணமே பெரும்பாலும் மதிக்க வைக்கிறது, தீர்ப்பு தங்களுக்கு எதிராக வந்தால்கூட.

வெறும் பலத்தால் ஒரு சிறையை ஒரு நாள்கூட நடத்த முடியாது என்பதைக் கிரெஷம் சைக்ஸ் 1958-லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி சிறையில் அவர் பார்த்தது இது: காவலர் சிலர், கைதிகள் பலர். தடியை ஓங்கி ஒருவனைக் கீழே தள்ளலாம். அதே தடியால் அவனைத் தினமும் தரை கூட்ட வைக்கவோ, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வைக்கவோ முடியாது. ஆகவே காவலர் சிலவற்றைக் கண்டும் காணாமல் விடுகிறார், கைதிகளில் செல்வாக்குள்ளவனோடு ஒத்துப்போகிறார். முழு அதிகாரம் இருப்பதாகத் தோன்றும் இடத்தில் உண்மையில் நாள் முழுக்க நடப்பது பேரம்.

இந்தப் பேரத்தை மறைவில் விடாமல் வேலையாகவே ஆக்கினால் என்ன? சிங்கப்பூர்ச் சிறைத்துறை 1990-களின் கடைசியில் அப்படித்தான் இறங்கியது. அப்போது இயக்குநர் சுவா சின் கியாட். ஆள் பற்றாக்குறை, நெரிசல், வேலையை விட்டுப் போகும் அதிகாரிகள் என்ற நிலையில், அதிகாரிகளையே கூட்டி உட்கார வைத்துத் துறையின் நோக்கத்தை எழுதச் சொன்னார். 1999-ல் வந்த வாசகம் அவர்களை ‘உயிர்களின் தலைவர்கள்’ என்ற பொருளில் அழைத்தது. கேட்க மிகை போலத்தான் இருக்கிறது. அதன் பின்னால் வந்த ஏற்பாடு முக்கியம். ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு சிறு குழு, அந்தக் கைதிகளின் ஒழுங்குக்கும் மறுவாழ்வுக்கும் அவரே பொறுப்பு. வார்டர் கைதியோடு பேசிப் பழகினால் சிகரெட் உள்ளே போகும் என்பது எல்லா நாட்டுச் சிறையிலும் உள்ள பழைய பயம். இங்கே பேசுவதே கடமை ஆயிற்று.

1998-ல் விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்குள் திரும்பி வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது 20 முதல் 22 விழுக்காடு. எல்லாப் புகழும் அந்த ஏற்பாட்டுக்கே என்று சொல்ல நான் தயாரில்லை. 2004-ல் அதிபர் எஸ்.ஆர். நாதன் தொடங்கிவைத்த மஞ்சள் ரிப்பன் திட்டம், தண்டனையின் கடைசிப் பகுதியை வெளியே கழிக்கும் ஏற்பாடுகள், இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆஷ்ரம் போன்ற இடைவழி இல்லங்கள், போதைப்பொருள் சட்டங்களின் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஐந்து ஆண்டு வரை பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் திரும்பிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆனால் அதிகாரியும் கைதியும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்குத் தனி மதிப்பு உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனிஃபர் ஸ்கீமும் குழுவினரும், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் மனநோயாளிகளையும் அவர்களின் கண்காணிப்பு அதிகாரிகளையும் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். கண்டிப்பும் இருக்க வேண்டும், நியாயமும் அக்கறையும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அதிகாரியிடம் இருந்தவர்கள் விதி மீறுவது குறைந்தது. வெறும் மிரட்டல் மட்டுமே இருந்த இடத்தில் மீறல் கூடியது. நம் வீட்டுப் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்கள், ஆனால் அளந்து காட்டியதற்குத் தனி மரியாதை உண்டு.

சாங்கியில் கைதி உள்ளே வந்ததும் அவனை எடைபோடும் முறை கனடாவிலிருந்து வந்தது. டான் ஆண்ட்ரூஸும் ஜேம்ஸ் பொண்டாவும் வகுத்தது. முதல் குற்றம் எந்த வயதில் என்பது இனி மாறாது. கூட்டாளி யார், வேலை உண்டா, போதை விட்டுப்போயிற்றா என்பவை மாறும். மாறுவதில் கை வை என்பது அவர்கள் பாடம். இன்னொரு கண்டுபிடிப்புதான் எனக்கு வியப்பு. ஆபத்துக் குறைந்த ஆளைத் தீவிரமான திருத்தப் பயிற்சியில் போட்டால் அவன் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். இருக்கிற வேலையும் குடும்பமும் அறுந்து, முரட்டு ஆட்களோடு பழக்கம் வருவதே காரணம். எல்லாருக்கும் ஒரே மருந்து ஆகாது.

அதிகாரிக்கு என்ன மருந்து?

ஸ்டான்ஃபோர்டு அடித்தளத்தில் சண்டை போட்ட மாஸ்லாக்கை நினைவிருக்கிறதா? அவர் தம் வாழ்நாளை வேறொன்றுக்குக் கொடுத்தார். பிறரைக் கவனிப்பதே தொழிலானவர்கள் எப்படி உள்ளுக்குள் கருகிப்போகிறார்கள் என்று அளக்கும் வினாத்தாள் ஒன்றை 1981-ல் உருவாக்கினார். இன்று உலகமெங்கும் நர்ஸ், ஆசிரியர், சிறை அதிகாரி எல்லாரையும் அளப்பது அதை வைத்துத்தான். மூன்று அறிகுறி. மனம் வற்றிப்போவது, செய்யும் வேலையால் பயனில்லை என்று தோன்றுவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் எண்ணாகத் தெரிவது. அந்த மூன்றாவதை அவர் 1971-லேயே கண்ணால் பார்த்துவிட்டார்.

இங்கிலாந்தில் எலைன் க்ராலி 2004-ல் எழுதிய புத்தகத்தில் அதிகாரிகளின் மனைவிமார் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்தாலும் கட்டளை போடுகிற குரல் மாறுவதில்லை, எல்லாவற்றிலும் சந்தேகம், எல்லாவற்றுக்கும் ஒழுங்கு. அமெரிக்காவில் 21 மாநிலங்களின் பதிவுகளை வைத்து 1997-ல் செய்த கணக்கு, சிறை அதிகாரிகள் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து மற்றத் தொழில்களில் இருப்போரைவிட 39 விழுக்காடு அதிகம் என்றது. தமிழ்நாடு அரசு 2018-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து போலீசாருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ‘காவலர் நிறைவாழ்வு பயிற்சி’ தொடங்கியதற்கும் காரணம் இந்த வகைக் கவலைதான். குடும்பத்தையும் சேர்த்தது சரியான முடிவு.

சாங்கியில் இதைவிடக் கடினமான வேலை ஒன்றும் இருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் மரண தண்டனை பெற்ற மலேசியர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரல் 27 விடியற்காலை தூக்கிலிடப்பட்டபோது தமிழ் பேசும் உலகமே அவருடைய ஐ.க்யூ 69 என்பதைப் பேசியது. அவரோடு கடைசி வரை நடந்தவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. மைக்கேல் ஆஸோஃப்ஸ்கி, ஆல்பர்ட் பண்டூரா, சிம்பார்டோ மூவரும் 2005-ல் அமெரிக்கத் தென்மாநிலச் சிறைகள் மூன்றில் 246 ஊழியர்களை ஆராய்ந்தார்கள். தண்டனையை நிறைவேற்றும் குழுவினர், ‘அவன் மனிதனே இல்லை’, ‘என் பங்கு சிறியது’, ‘சட்டம் சொன்னதைச் செய்தேன்’ என்று மனத்தைக் கட்டிப்போடக் கற்றிருந்தார்கள். குடும்பத்தாருக்கு ஆறுதல் சொல்லும் குழுவினரிடம் முதலில் அந்தக் கட்டு இல்லை. நிறைவேற்றங்கள் கூடக் கூட அவர்களிடமும் வந்தது.

சாங்கியில் இப்போது தலை எண்ணும் வேலையை முக அடையாளக் கருவி செய்கிறது, கடிதம் பலகைக் கணினியில் வருகிறது. மிச்சமாகும் நேரம் அதிகாரி கைதியோடு பேசுவதற்கு என்கிறார்கள். அப்படியே ஆகுமானால் நல்லது. அந்த நேரத்தில் இன்னும் கூடுதல் கைதிகளை ஓர் அதிகாரியின் தலையில் கட்டினால் கருவியால் பயனில்லை.

விடுதலையான அன்று அதிகாரியின் வேலை முடிகிறது. அடுத்த காவலர்கள் நாம். வேலை கேட்டு வருகிறவரிடம் ‘எப்போதாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா’ என்று கேட்கும் கட்டத்தை, அரசுப் பணி விண்ணப்பத்திலிருந்து 2017-ல் எடுத்துவிட்டார்கள். முடிவெடுக்கும்போது விசாரிப்பார்கள், வாசலிலேயே கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கடையோ உணவகமோ நடத்துகிறவர்கள் தங்கள் விண்ணப்பத் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டம் இருந்தால், எதற்காக இருக்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.